ஒரே வேலை, இரண்டு வரி: கன்சல்டன்ட் எப்போது ஊழியர் ஆகிறார்?

வருடம் 18 லட்சம் ரூபாய். ஒருவருக்கு அது சம்பளமாக வருகிறது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அதே 18 லட்சம் ‘கன்சல்டன்சி ஃபீஸ்’ என்ற பெயரில் வருகிறது. இருவருக்கும் ஒரே டீம், ஒரே மேனேஜர், ஒரே ப்ராஜெக்ட். வருட முடிவில் வருமான வரிக் கணக்கைப் பார்த்தால், சம்பளக்காரருக்கு வரி 1,50,800 ரூபாய். கன்சல்டன்டுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

எப்படி என்று பார்ப்போம். சம்பளக்காரருக்குப் புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு கிடைக்கும். மீதி 17,25,000. அதை 2025-26 நிதியாண்டின் விகிதங்களில் போட்டால் 1,45,000 ரூபாய், அதன் மேல் 4 சதவீதம் செஸ். கன்சல்டன்டுக்கு வேறு வழி இருக்கிறது. டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆடிட்டர், கட்டடக் கலைஞர், தொழில்நுட்ப ஆலோசகர் போன்ற சில தொழில்களுக்கு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ என்ற பிரிவு பொருந்தும். தகவல் தொழில்நுட்பமும் அரசு அறிவிக்கை மூலம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வருடத்துக்கு 50 லட்சத்துக்குள் வருமானம் வந்தால் (ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை), வந்ததில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம், செலவு ரசீது காட்ட வேண்டாம். 18 லட்சத்தில் பாதி 9 லட்சம். புதிய முறையில் 12 லட்சம் வரை ரிபேட் (வரித் தள்ளுபடி) இருப்பதால் வரி பூஜ்யம். பணம் கொடுக்கும்போதே கம்பெனி வரிக்காகப் பிடித்துக்கொண்ட 10 சதவீதம் (இதைத்தான் டிடிஎஸ் என்பார்கள்), அதாவது 1,80,000 ரூபாய், ரிட்டர்ன் தாக்கல் செய்ததும் ரீஃபண்டாகத் திரும்பி வந்துவிடும்.

வேலைக்கு எடுக்கும்போது எச்ஆர் காட்டும் கணக்கு பெரும்பாலும் இதுதான். கணக்கில் தப்பில்லை, சட்டத்தில் இருப்பதுதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஆள் உண்மையிலேயே சொந்தமாகத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். கடிதத்தில் ‘கன்சல்டன்ட்’ என்று அச்சடித்திருப்பதால் மட்டும் யாரும் அப்படி ஆகிவிடுவதில்லை. அதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பிரிவு எண்கள் பற்றி ஒரு வார்த்தை. 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் வருடச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியது. சம்பளத்துக்கு டிடிஎஸ் பிடிக்கும் பழைய 192ஆம் பிரிவு புதிய சட்டத்தில் 392. தொழில் கட்டணத்துக்கான 194ஜே உட்பட மற்ற டிடிஎஸ் பிரிவுகள் 393க்குள் போய்விட்டன. நான் இங்கே பழைய எண்களையே சொல்கிறேன். தீர்ப்புகள் எல்லாம் அவற்றின் மேல்தான் வந்தவை, ஆடிட்டர் அலுவலகங்களிலும் அந்த எண்கள்தான் இன்னும் புழங்குகின்றன.

சட்டம் கேட்கும் ஒரே கேள்வி

வருமான வரிச் சட்டம் வருமானத்தைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கிறது. சம்பளம் ஒரு தலைப்பு, தொழில் அல்லது வியாபார லாபம் இன்னொன்று. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே முதலாளி - ஊழியர் உறவு இருந்தால்தான் பணம் சம்பளத் தலைப்புக்குள் வரும். அந்த உறவு இருந்தால், பணத்துக்கு ஃபீஸ், ரீடெய்னர், ஹானரேரியம் என்று எந்தப் பெயர் வைத்தாலும் அது சம்பளம்தான்.

சரி, யார் ஊழியர்? இத்தனை பக்கமுள்ள சட்டத்தில் அதற்குப் பொதுவான வரையறை இல்லை. அதனால் வருமான வரி அதிகாரிகளும் தீர்ப்பாயங்களும் பெரும்பாலும் தொழிலாளர் சட்ட வழக்குகளில் உருவான அளவுகோல்களை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அந்த வழக்குகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் விஷயம் பாதி புரிந்துவிடும்.

முதலாவது கட்ச் ரண் பகுதியின் உப்பளம். தாரங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்ற கம்பெனி நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, ‘அகரியா’ என்று அழைக்கப்படும் உப்புத் தொழிலாளிகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தது. மாதச் சம்பளம் கிடையாது, விளைந்த உப்பின் எடைக்குக் காசு. வருகைப் பதிவேடு இல்லை, இத்தனை மணிக்கு வா என்ற விதி இல்லை. குடும்பத்தோடு சேர்ந்து வேலை செய்யலாம், தன் காசில் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். தரம் சரியில்லை என்று கம்பெனி ஒதுக்கும் உப்புக்குப் பணம் கிடையாது. மேலோட்டமாகப் பார்த்தால் இவர்கள் ஒப்பந்தக்காரர்கள்தானே? கம்பெனியும் அதைத்தான் வாதாடியது.

1956ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கிணறு வெட்டுவதிலிருந்து பாத்தி கட்டுவது, உப்புநீரின் அடர்த்தியைச் சோதிப்பது, உப்பு படிவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனியின் கண்காணிப்பாளர்கள் மேற்பார்வை செய்தார்கள். என்ன விளைய வேண்டும் என்பதோடு நிற்காமல், எப்படி விளைவிக்க வேண்டும் என்பதும் கம்பெனியின் கையில் இருந்தது. அகரியாக்கள் தாங்களே இறங்கி உழைத்தார்கள், துணைக்கு ஆள் வைத்தது அதை மாற்றவில்லை. ஆகவே அவர்கள் தொழிலாளர்கள். வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற இந்தக் கேள்வியைத்தான் ‘கட்டுப்பாட்டு அளவுகோல்’ என்கிறார்கள்.

இரண்டாவது, சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் என்ற தையல் கடை. தீர்ப்பு வந்தது 1973ல். அங்கேயும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்தார்கள். ஆனால் கடையில் இருந்த தையல் மெஷின்கள் முதலாளியுடையவை. தைத்தது சரியில்லை என்றால் பிரித்து மறுபடி தைக்கச் சொல்லும் உரிமை கடைக்கு இருந்தது. நிராகரிக்கும் உரிமை இருக்கிறதே, அதுவே கட்டுப்பாட்டின் அடையாளம் என்றது கோர்ட். அதோடு இன்னொன்றையும் சொன்னது: படிப்பும் தனித்திறமையும் வேண்டிய வேலைகள் பெருகிவிட்ட காலத்தில், கட்டுப்பாடு ஒன்றை மட்டுமே வைத்து முடிவு செய்ய முடியாது.

இதில் நியாயம் இருக்கிறது. இதய அறுவை சிகிச்சை நிபுணருக்குக் கத்தியை எங்கே வைக்க வேண்டும் என்று எந்த மருத்துவமனை நிர்வாகியும் சொல்லப்போவதில்லை. அதற்காக எந்த டாக்டரும் யாருக்கும் ஊழியர் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அரசு மருத்துவமனை டாக்டர் ஊழியர்தானே. எனவே கோர்ட்டுகள் வேறு கேள்விகளையும் சேர்த்துக்கொண்டன. உபகரணம் யாருடையது? நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும்? வேறு இடத்தில் வேலை செய்யலாமா? நிறுவனத்தின் அன்றாட ஓட்டத்துக்குள் இவர் ஓர் அங்கமா, வெளியிலிருந்து வந்து போகிறவரா?

மருத்துவமனைகளில் ஏன் இவ்வளவு சண்டை

இந்தியாவில் இந்தக் கேள்வி வருமான வரி வழக்காக அதிகம் போனது மருத்துவமனைகளிலிருந்துதான். காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. வருடம் 60 லட்சம் வாங்கும் ஒரு டாக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது சம்பளம் என்றால், மருத்துவமனை அந்த வருடம் பிடிக்க வேண்டிய டிடிஎஸ், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்துச் சுமார் பதினைந்தரை லட்சம். தொழில் கட்டணம் என்றால் 10 சதவீதம், 6 லட்சம். இப்படி ஐம்பது டாக்டர்கள் இருக்கும் ஒரு மருத்துவமனையில் டிடிஎஸ் அதிகாரி சர்வேக்கு வந்தால், முதலில் கேட்கும் ஃபைல் எதுவாக இருக்கும் என்று யூகிப்பது கஷ்டமில்லை.

2015ல் மும்பை உயர் நீதிமன்றம் கிராண்ட் மெடிக்கல் ஃபவுண்டேஷன் வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. புனேயின் ரூபி ஹால் கிளினிக்கை நடத்தும் அமைப்பு அது. அங்கே டாக்டர்கள் ஒரே வகையாக இல்லை. நிலையான சம்பளம் வாங்கி, விடுப்பு விதிகளுக்குக் கட்டுப்பட்டு, பிஎஃப் போன்ற பலன்களோடு இருந்தவர்கள் ஒரு வகை. அவர்களை மருத்துவமனையே ஊழியர் என்றுதான் நடத்தியது, அதில் தகராறு இல்லை. தகராறு மற்றவர்களைப் பற்றி. அவர்கள் பார்க்கும் நோயாளிகளைப் பொறுத்து அவர்களுடைய பங்கு ஏறும், இறங்கும். விடுப்பு விதியோ பிஎஃப் பலனோ அவர்களுக்கு இல்லை. இவர்களுடைய உறவு முதலாளி - ஊழியர் உறவு இல்லை, 194ஜேயில் பிடித்தது சரி என்று கோர்ட் முடிவு செய்தது.

இதைப் படித்துவிட்டு ‘டாக்டர் என்றால் 194ஜே’ என்று சிலர் பாடம் செய்துகொள்கிறார்கள். அது தப்பான பாடம். ஒரே கட்டடத்துக்குள், ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு டாக்டர்களில் ஒருவர் ஊழியராகவும் இன்னொருவர் தொழில் செய்பவராகவும் இருக்கலாம் என்பதுதான் அந்தத் தீர்ப்பு காட்டும் விஷயம். மாதாமாதம் மாறாத தொகை, வருகைப் பதிவு, எடுக்கக்கூடிய விடுப்பு இத்தனை நாள், வெளியே பிராக்டிஸ் கூடாது என்று ஒப்பந்தம் எழுதிவிட்டு, தலைப்பில் ‘ஆலோசகர்’ என்று போட்டால், அந்தத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது.

‘எனக்கு மேலே உத்தரவு போட யாருமில்லை, நான் எப்படி ஊழியர்?’ என்று கேட்பவர்களுக்கு ராம் பிரசாத் வழக்கைச் சொல்லலாம். இது நேரடியாகவே வருமான வரி வழக்கு, 1972. ஒரு ஹோட்டல் கம்பெனியின் மேனேஜிங் டைரக்டருக்கு மாதச் சம்பளமும் மொத்த லாபத்தில் 10 சதவீதமும் தர ஏற்பாடு. அந்தப் பங்கு சம்பளமா, வியாபார வருமானமா என்பது கேள்வி. தினசரி வேலையில் அவரை யாரும் மேய்க்கவில்லை. இருந்தாலும் கம்பெனியின் விதிகளும் ஒப்பந்தமும் அவரை டைரக்டர்கள் குழுவின் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருந்தன, அவரை நீக்கவும் வழி இருந்தது. ஆகவே அது சம்பளம் என்றது உச்ச நீதிமன்றம். கட்டுப்படுத்தும் உரிமை இருந்தால் போதும், அதை ஒவ்வொரு நாளும் பிரயோகிக்க வேண்டியதில்லை.

எப்போதும் ஊழியராக இருப்பதுதான் லாபம் என்றும் இல்லை. 1997ல் குஜராத்தில் ஒரு கண் மருத்துவமனையின் மினி பஸ் விபத்துக்குள்ளாகி ஒரு கண் மருத்துவர் இறந்தார். அவர் மருத்துவமனையின் ஊழியர், பாலிசிப்படி ஊழியர்களுக்கு எங்கள் பொறுப்பு வரம்புக்குட்பட்டது என்றது இன்ஷூரன்ஸ் கம்பெனி. 2020ல் உச்ச நீதிமன்றம் அவருடைய ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஷரத்தையும் இரண்டு பக்கமும் வைத்து எடைபோட்டு, அவர் ஊழியர் இல்லை என்று முடிவு செய்தது. வரம்பு அடிபட்டுப்போனது, குடும்பத்துக்கு முழு நஷ்டஈடு கிடைக்க வழி பிறந்தது. எல்லா வழக்குக்கும் பொருந்தும் ஒற்றை அளவுகோல் கிடையாது என்பதை அந்தத் தீர்ப்பு விரிவாகச் சொல்கிறது. இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

உங்கள் ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது

கடிதத்தின் தலைப்பை மூடிவிட்டு உள்ளே இருப்பதைப் படியுங்கள். அதைவிட முக்கியமாக, உண்மையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காகிதம் ஒன்று சொல்லி நடைமுறை வேறாக இருந்தால், விசாரணையில் நடைமுறைக்குத்தான் கனம் அதிகம்.

காலை ஒன்பதரைக்கு பயோமெட்ரிக் வைக்க வேண்டுமா? லீவு வேண்டுமென்றால் போர்ட்டலில் விண்ணப்பித்து மேனேஜர் ‘அப்ரூவ்’ செய்ய வேண்டுமா? வருடாந்தர அப்ரைசலில் உங்களுக்கும் ரேட்டிங் உண்டா? லேப்டாப், மென்பொருள் லைசென்ஸ் எல்லாம் அவர்களுடையதா? வேறு வாடிக்கையாளருக்கு வேலை செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறதா? வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒன்றரை லட்சம் வந்துவிடுகிறதா? இவற்றுக்கெல்லாம் ஆமாம் என்றால், நீங்கள் ஊழியர் என்று சொல்ல வலுவான காரணங்கள் இருக்கின்றன.

மறுபக்கம்: வேலையை இவ்வளவு தொகைக்கு, இந்தத் தேதிக்குள் முடித்துத் தருகிறேன் என்று நீங்கள் விலை சொல்கிறீர்கள். எங்கிருந்து, எந்த நேரத்தில் செய்வது என்பது உங்கள் விருப்பம். உங்களுக்குப் பதிலாக உங்களிடம் வேலை பார்க்கும் இன்னொருவரை அனுப்பலாம். தப்பாகப் போனால் உங்கள் செலவில் திருத்தித் தர வேண்டும். வேறு இரண்டு மூன்று இடங்களுக்கும் பில் போடுகிறீர்கள். இது தொழில்.

பெரும்பாலானவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் என்பது மட்டும் ஒருவரை ஊழியராக்காது. புதிதாகத் தொழில் தொடங்கும் யாருக்கும் முதலில் ஒருவர்தான் கிடைப்பார். குறிப்பிட்ட நேரத்தில் வர வேண்டும் என்பது மட்டும் போதாது. ஓபி பார்க்கும் டாக்டர் நேரம் சொல்லித்தானே ஆக வேண்டும். ஆனால் இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒரே பக்கம் சாயும்போது முடிவும் அந்தப் பக்கம்தான் போகும்.

மிகவும் சந்தேகத்துக்குரிய நிலை ஒன்று உண்டு: மார்ச் 31ல் ராஜினாமா, ஏப்ரல் 1ல் அதே மேசையில் கன்சல்டன்ட். வேலை மாறவில்லை, மேலதிகாரி மாறவில்லை, காகிதம் மட்டும் மாறியிருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு அதே அலுவலகம் ஆலோசகராக அழைக்கும் பெரியவர்களுக்கும் இதே கேள்வி வரும். வாரத்தில் இரண்டு நாள் வந்து, கேட்டதற்கு அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போகிறவர் ஆலோசகர். பழைய கேபினில் உட்கார்ந்து பழைய கையெழுத்து அதிகாரத்தோடு முழு நேரம் இருக்கிறவரை அப்படிச் சொல்வது கஷ்டம்.

பலருக்கு இருக்கும் ஒரு தப்பெண்ணத்தை இங்கே உடைத்துவிட வேண்டும். ‘26ஏஎஸ்ஸில் (நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வரித் துறைப் பட்டியல்) 194ஜே என்று வந்திருக்கிறது, அப்படியென்றால் நான் ப்ரொஃபஷனல்தானே?’ இல்லை. டிடிஎஸ் பிரிவு என்பது கம்பெனி எடுத்த நிலைப்பாடு, அவ்வளவுதான். கம்பெனி தப்பாகப் பிடித்திருந்தால் அதற்குக் கம்பெனி பதில் சொல்லும். உங்கள் ரிட்டர்னில் நீங்கள் எடுத்த நிலைப்பாட்டுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தப்பாகிப் போனால்

கம்பெனி குறைவாகப் பிடித்தது என்று முடிவானால், 201ஆம் பிரிவின்படி அது கடமை தவறியதாகக் கருதப்படும். பிடிக்காத தொகைக்கு மாதம் 1 சதவீத வட்டி. பணம் வாங்கியவர் தன் ரிட்டர்னில் வருமானத்தைக் காட்டி வரியும் கட்டியிருந்தால், ஆடிட்டரின் சான்றிதழோடு மூல வரியிலிருந்து தப்பிக்கலாம், வட்டி மட்டும் மிஞ்சும். பெரிய கம்பெனிகளால் இதைச் சமாளித்துவிட முடியும்.

தனி ஆளுக்குத்தான் அடி பலமாக விழும். முதலில் சொன்ன 18 லட்சம் வாங்கும் கன்சல்டன்டின் ஃபைல் ஸ்க்ரூட்டினிக்கு (வரித் துறையின் விரிவான பரிசீலனைக்கு) வந்து, இது தொழில் வருமானம் இல்லை, சம்பளம் என்று அதிகாரி சொல்லிவிட்டால், 44ஏடிஏ கொடுத்த பாதி மறைந்துவிடும். 1,50,800 ரூபாய் வரி, அதற்கு வட்டி. அதற்கு மேல் 270ஏ பிரிவில் அபராதம்: வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக இருந்தால் வரியில் 50 சதவீதம், தெரிந்தே திரித்துக் காட்டியதாக முடிவானால் 200 சதவீதம். ‘கம்பெனிதான் அப்படிப் போடச் சொன்னது’ என்பது பதிலாக எடுபடாது. ரிட்டர்ன் அவர் பெயரில் இருக்கிறது.

இது வரிப் பக்கம். இழப்பின் பெரிய பகுதி இன்னொரு பக்கம் இருக்கிறது. மாதம் ஒன்றரை லட்சம் வாங்குபவரின் அடிப்படைச் சம்பளம் 75,000 என்று வைத்தால், ஒரு வருடச் சேவைக்கான கிராஜுவிட்டி சுமார் 43,000 ரூபாய். ஐந்து வருடத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டும். கம்பெனியின் பிஎஃப் பங்கு, 15,000 ரூபாய் வரம்பில் கணக்கிட்டால்கூட, மாதம் 1,800. பெண்களுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு. இவை எதுவும் கன்சல்டன்டுக்கு இல்லை. முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் கைக்கு வரும் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். வரியில் மிச்சமானதை அவர்களுக்குச் சொல்கிறார்கள், கைவிட்டுப் போவதைச் சொல்வதில்லை.

வரி அலுவலகத்தின் ஒரு முடிவு மற்றக் கதவுகளையும் திறக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று நல்ல உதாரணம். 1980களின் பிற்பகுதியில் மைக்ரோசாஃப்ட் ‘ஃப்ரீலான்சர்’ என்ற பெயரில் பலரை வைத்திருந்தது. நாங்கள் சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள், எங்கள் வரியை நாங்களே கட்டுவோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சம்பளப் பிரிவில் அவர்கள் பெயர் இல்லை, இன்வாய்ஸ் கொடுத்துப் பணம் வாங்கினார்கள். பேட்ஜின் நிறம் வேறு, இமெயில் முகவரியின் அமைப்பு வேறு. ஆனால் வேலை செய்தது அதே கட்டடத்தில், அதே டீமில், அதே மேலாளர்களிடம், அதே நேரத்தில். 1989-90ல் அமெரிக்க வரித் துறை கணக்கைப் புரட்டிப் பார்த்து, இவர்கள் ஊழியர்கள் என்று சொன்னது. கம்பெனி அதை ஏற்று, விட்டுப்போன வரியைக் கட்டியது. அப்புறம்தான் தொழிலாளர்கள் கேட்டார்கள்: வரிக்கு நாங்கள் ஊழியர் என்றால், ஊழியர்களுக்கான பங்கு வாங்கும் திட்டத்தில் எங்களுக்கு ஏன் இடமில்லை? கையெழுத்துப் போட்ட காகிதம் அவர்களுக்குத் தடையாகவில்லை. பல வருட வழக்குக்குப் பிறகு 2000 டிசம்பரில் 9.7 கோடி டாலருக்கு சமரசம் ஆனது.

பிரிட்டன் இன்னொரு வழியில் போனது. அங்கே கான்ட்ராக்டர்கள் தங்கள் பெயரில் ஒரு சின்ன லிமிடெட் கம்பெனி வைத்து, அதன் மூலம் பில் போடுவார்கள். 2000 ஏப்ரலில் வந்த ஐஆர்35 விதி, நடுவில் இருக்கும் கம்பெனியை எடுத்துவிட்டுப் பார்த்தால் இவர் ஊழியர் போல இருக்கிறாரா என்று கேட்கிறது. முதலில் அந்த முடிவைக் கான்ட்ராக்டரே எடுத்தார். 2017லிருந்து அரசுத் துறைகளிலும் 2021லிருந்து நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களிலும் அந்தப் பொறுப்பு வேலை கொடுப்பவருக்கு மாறியது. லண்டனில் கான்ட்ராக்டில் இருக்கும் நம்மவர்கள் ‘இன்சைடா, அவுட்சைடா’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, இந்த விதிக்கு உள்ளேயா வெளியேயா என்பதைத்தான்.

மறுபடி நம் ஊருக்கு. நீங்கள் உண்மையான கன்சல்டன்ட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தொழில் செய்பவர் போலவே நடந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் உங்கள் பெயரில் எண்ணிட்ட இன்வாய்ஸ் கொடுங்கள், அதில் செய்த வேலையை எழுதுங்கள்; ‘ஜூன் மாதத்துக்கு’ என்று மட்டும் எழுதாதீர்கள். 44ஏடிஏயில் இருப்பவர் முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) கட்ட வேண்டியிருந்தால், முழுவதையும் மார்ச் 15க்குள் கட்ட வேண்டும். வருடத்தில் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், பெரும்பாலான சேவைகளுக்கு 18 சதவீதம். அந்த வரி உங்கள் தொகைக்கு உள்ளேயா வெளியேயா என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதி வாங்குங்கள். ஒரு பக்கம் சம்பளம், இன்னொரு பக்கம் வெளி வேலைக்கு 194ஜே என்று இரண்டும் வந்தால், இரண்டையும் அதனதன் தலைப்பில் காட்ட வேண்டும். ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் அதற்குப் பொருந்தாது.

பெயருக்குக் கன்சல்டன்ட், நிஜத்தில் ஊழியர் என்றால், சேரும் முன் எச்ஆரிடம் நேராகக் கேளுங்கள்: நான் வேறு வேலை எடுக்கலாமா? ஒரு மாதம் வேலை இல்லாவிட்டால் பணம் உண்டா? எனக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாமா? பதிலை இமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சேர்ந்து சில வருடம் ஆகிவிட்டவர்களுக்கு, பிஎஃப் அலுவலகத்தில் மனு கொடுத்து நான் ஊழியர்தான் என்று கேட்கும் வழி திறந்தே இருக்கிறது. அங்கே விசாரணையில் பேசப்போவது ஐடி கார்டு, ஷிஃப்ட் பட்டியல், லீவு விண்ணப்பம், அப்ரைசல் கடிதம், மேனேஜர் உங்களுக்கு அனுப்பிய உத்தரவுகள் ஆகியவைதான். கம்பெனியின் ரகசியத் தகவல் எதையும் தொடாமல், உங்களைப் பற்றிய இந்தக் காகிதங்களின் நகலை வேலையில் இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலகும் நாளன்று மாலையே அலுவலக இமெயில் மூடப்பட்டுவிடும்.